யாமைப் பார்ப்பும் தாய் முகமும்

சங்கப் பாடல்களில் வரும் உயிரினங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றிலேயே செல்கின்றனர். பழந்தமிழ்ப் புலவர் இயற்கையை நுணுகிக் கண்டவர்; ஆகவே அவர் கூறிய அனைத்தும் இன்றைய அறிவியலுக்கு ஒத்ததே என்று நிறுவ முயல்வது ஒரு வழி. பாட்டு வேறு, உயிர்நூல் வேறு. புலவர் சொன்னது மெய்யா அன்றா என்று கேட்பதே பிழை என்று ஒதுங்குவது மற்றொரு வழி. முன்னது பாட்டைப் பாடநூலாக்கி விடுகிறது. பின்னது பாட்டை வெறும் அணியாக்கி விடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே செல்லத்தக்க நெறி ஒன்று உண்டா என்பதை ஓர் உயிரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுயிர் ஆமை, சான்றோர் செய்யுளில் யாமை.

பேரா மாநிலத்துத் தமிழருக்கு இவ்வாராய்ச்சி தொலைவான செய்தியன்று. ஈப்போவுக்குத் தென்மேற்கே, பேரா ஆற்றங்கரையில், போத்தா கானான் என்னும் ஊர் உள்ளது. மலாய்க்காரர் 'துந்தோங்' என்று வழங்கும் ஆற்றாமையின் முட்டைகளைக் காத்துப் பொரிக்க வைக்கும் பணியை வனவிலங்குத் துறையினர் 1960களின் பிற்பகுதியில் அங்கே தொடங்கினர். நம்மில் பலர் ஈப்போவில் பிறந்து வளர்ந்தும் அவ்வூரின் பெயரைக் கேட்டிலர். ஆமை என்றவுடன் நம் நாவில் வருவது ஒரு பழமொழியே. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் பாட்டைக் காண்போம்.

நெய்தல் நிலத்து முட்டை

அகநானூற்றின் 160ஆம் பாடல் குமிழிஞாழலார் நப்பசலையார் பாடியது. இரவில் மறைந்து வந்து கொண்டிருந்த தலைவன், இப்போது ஊரார் காணப் பகலிலேயே தேரேறி வருகிறான். திருமணம் நெருங்கியது என்ற மகிழ்ச்சியில் தோழி பேசுகிறாள். அவன் தேர் வரும் கடற்கரையை வருணிக்குமிடத்தில் ஆமை வருகிறது. நிறைசூல் கொண்ட யாமை, அடும்பங்கொடி படர்ந்த மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் புதைக்கிறது; அம்முட்டை யானைக் கோட்டால் செய்த வட்டுப் போன்றது; புலால் நாறுவது; குஞ்சு வெளிப்படும் வரையில் ஆண் ஆமை அதனைக் காத்து நிற்கிறது. இது பாட்டின் பொருள்.

இதனைக் கடலாமையின் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டுக் கரையில் ஆண்டின் தொடக்கத்து மாதங்களில் சிற்றாமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. அலை எட்டாத மேட்டு மணலையே அவை நாடுகின்றன என்பது மெய். அடும்பங்கொடி படர்வதும் அவ்விடத்திலேதான். முட்டை உருண்டை வடிவினது என்பதும் மெய். குழியை மூடி மணலைப் பரப்பி, தடம் தெரியாமல் மறைத்துச் செல்லும் என்பதும் மெய். வட்டு என்னும் உவமையின் அருமையைத் துந்தோங் முட்டையோடு வைத்துப் பார்த்தால் நன்கு உணரலாம். ஆற்றாமையின் முட்டை நீள்வட்டமாக இருக்கும். அதற்கு வட்டினை உவமை கூற இயலாது. ஆகவே புலவர் கண்ணால் கண்டதையே பாடினார் என்பதில் ஐயமில்லை.

ஐந்தாவது செய்தியில்தான் இடர்ப்பாடு. கடலாமைகளுள் ஆண் முட்டையைக் காப்பதில்லை. அது கரையேறுவதே அரிது. பெண்ணும் முட்டையிட்ட அன்றிரவே கடலுக்குத் திரும்பி விடுகிறது. மணலுக்கடியில் இருக்கும் முட்டைக்கு வெயிலும் மண்ணின் ஈரமும் அன்றி வேறு துணையில்லை.

ஒரே புலவர், ஒரே காட்சி. நான்கு மெய், ஒன்று பிழை. இதனை எங்ஙனம் கொள்வது? பழம்பெருமை பேசுவோர் பிழையை மறைக்க 'அக்காலத்து ஆமை வேறு' என்பர். அது விடையாகாது. அடும்பும் மணலும் முட்டையும் இன்றுள்ளவாறே அன்றும் இருக்க, ஆமையின் இயல்பு மட்டும் மாறியது என்பதற்குச் சான்றில்லை. பாட்டின் அமைப்பே நல்விடை தருகிறது. புதைத்த முட்டை களவுக் காதல். குஞ்சு வெளிப்படுதல் அக்காதல் ஊரறிய மணமாதல். இடைப்பட்ட காலத்தில் அதனைக் காக்கும் கடன் யாருடையது? தலைவனுடையது. பாட்டிற்கு ஒரு கணவன் தேவைப்பட்டான். புலவர் ஆமைக்கு ஒரு கணவனைத் தந்தார். கண்டவற்றை முதலில் அடுக்கி, அவற்றின் வலிமையால் காணாத ஒன்றையும் நம்ப வைத்தார். இது கவிஞரின் உரிமை. அதனை உயிர்நூல் உண்மை என்று மேடையேற்றுவது மட்டும் திறனாய்வாளரின் உரிமையன்று.

பொய்கையில் துஞ்சும் பார்ப்பு

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதத்தில், புலவி விராய பத்தில், அடுத்தடுத்து இரண்டு ஆமைப் பாடல்கள் உள்ளன. 43ஆம் பாடலில், அளக்கும் கலமாகிய அம்பணம் போன்ற பெரிய யாமையின் முதுகில் செம்புக் கலம் போன்ற குஞ்சுகள் பல ஏறித் துயில்கின்றன. 44ஆம் பாடலில், பொய்கையில் வாழும் யாமையின் இளம்பார்ப்பு தாய் முகத்தை நோக்கியே வளர்கிறது. அதுபோலத் தலைவிக்குத் தலைவன் மார்பே வாழ்வு என்று தோழி அறவுரை கூறுகிறாள்.

இவற்றுள் முதற் காட்சி முற்றிலும் மெய். நன்னீர் ஆமைகள் வெயில் காயும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதை எவரும் காணலாம். இதற்காகத் தமிழ்நாட்டுப் பொய்கைக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஈப்போ நகருக்குத் தெற்கே, குனோங் ராப்பாட்டில் உள்ள சாம் போ தோங் குகைக் கோயிலின் ஆமைக்குளத்தருகே சிறிது நேரம் நின்றால் போதும். பெரிய ஓட்டின்மேல் சிறிய ஓடு, அதன்மேல் மற்றொன்று எனக் கிடக்கும். ஆனால் கீழே கிடப்பது தாய், மேலே கிடப்பது பிள்ளை என்று கொள்வதற்கு இடமில்லை. ஏறுவதற்கு வாய்ப்பான மேடு அது, அவ்வளவே. புலவரின் கண் கண்டது மெய். கண்டதற்கு உறவுமுறை கற்பித்தது மனம். அவ்வாறு கற்பித்த உறவே அடுத்த பாட்டில் தாய் முகம் நோக்கி வளரும் பார்ப்பாக முதிர்ந்தது.

குறுந்தொகையின் 152ஆம் பாடலில் கிள்ளிமங்கலங்கிழார் இதனை இன்னும் ஆழமாக்குகிறார். காதலர் கைவிட்டால் காமம் என்னாகும்? தாயில்லாத முட்டை போல உள்ளேயே கிடந்து அழிவதன்றி வேறு என்ன உடையது என்று தலைவி கேட்கிறாள். தன் காமத்தை யாமைப் பார்ப்புக்கு ஒப்பிடுகிறாள். பிற்காலச் சமய நூலோர் இந்நம்பிக்கையை மேலும் வளர்த்து, மீன் பார்வையாலும் ஆமை நினைவாலும் பறவை தொடுதலாலும் தம் முட்டையைப் பொரிக்கும் என்று வகுத்தனர். நயன தீக்கை, மானத தீக்கை, பரிச தீக்கை என்னும் மூன்றற்கும் இவையே உவமையாயின. சங்கப் பாட்டில் முகத்தை நோக்கிய பார்ப்பு, சாத்திரத்தில் நினைவால் வளரும் முட்டையாகியது. கண்ணால் கண்ட காட்சியிலிருந்து கற்பனை எவ்வளவு தூரம் நடந்து வந்துள்ளது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

திருக்குறளின் 126ஆம் குறளுக்கும் ஒரு சொல். ஐம்புலன் அடக்கத்திற்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவர் உள்ளத்தில் இருந்தது கடலாமையன்று. கடலாமையால் தலையையும் துடுப்புக்கால்களையும் ஓட்டினுள் இழுத்துக்கொள்ள இயலாது. தலையும் நான்கு கால்களும் ஆகிய ஐந்து உறுப்பினை ஆமை இடர் புகாமல் அடக்குமாறு போல என்று பரிமேலழகர் விரித்தது நிலத்திலும் நன்னீரிலும் வாழும் ஆமைக்கே பொருந்தும். சொல்லை அளந்து சொன்னவரிடம் உவமையும் அளந்தே வந்துள்ளது.

காக்கும் ஆமை ஒன்று

எந்த ஆமையும் முட்டையைக் காப்பதில்லை என்று கூறி முடித்துவிடலாமா? இங்கேதான் அறிவியலின் பெயரால் பேசுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மலாயாத் தீவகற்பத்தின் மலைக்காடுகளில், நம் பேராக் காடுகளிலும், ஒரு நில ஆமை வாழ்கிறது. மலாய்க்காரர் 'பானிங்' என்பர். ஆசியப் பெருநிலத்தின் நில ஆமைகளுள் அதுவே மிகப் பெரியது. அதன் பெண், உதிர்ந்த இலைகளைக் கால்களால் கூட்டி மேடு எழுப்பி, அதனுள் முட்டையிடுகிறது. இட்ட பின் சில நாள்கள் அம்மேட்டை விட்டு அகலாமல், அணுகும் விலங்கை எதிர்த்து விரட்டுகிறது. ஆமையினத்தில் இது மிக அரிய இயல்பு. காப்பது கணவன் அன்று, தாய். குஞ்சு வெளிப்படும் வரையிலும் அன்று, சில நாள்களே. ஆயினும் 'ஆமைக்குக் காவலே கிடையாது' என்று துணிந்து கூறியவரின் கூற்றும் பொய்யாகிறது.

இதனைக் கொண்டு 'பார்த்தீர்களா, நப்பசலையார் சொன்னது சரியே' என்று முழங்குவதும் தவறு. அவர் பாடியது நெய்தல் நிலத்துக் கடலாமை. இது மலைக்காட்டு ஆமை. ஒன்றன் இயல்பை மற்றொன்றின்மேல் ஏற்றுவது ஆராய்ச்சியாகாது.

பெருந்தீவுகள் கற்பித்த பாடம்

கண்டதைக் காணாததாக விடும் குறை கவிஞருக்கு மட்டும் உரியதன்று. 1835ஆம் ஆண்டில் டார்வின் காலாபாகோஸ் தீவுகளில் இறங்கியபோது, ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எத்தீவினது என்று சொல்ல முடியும் என்று அங்கிருந்த ஆளுநர் பொறுப்பினரான லாசன் அவரிடம் கூறினார். டார்வின் அதனை அப்போது உரியவாறு கருதவில்லை. கப்பலில் ஏற்றிய ஆமைகளை வழியில் உண்டு, ஓடுகளைக் கடலில் எறிந்து விட்டனர். தம் கொள்கைக்குப் பெருந்துணையாகியிருக்கக் கூடிய சான்றினை அவ்வறிஞரின் கப்பலே உணவாக்கிக் கொண்டது.

தீவுப் பேராமைகளின் வரலாறு காவலில்லாத முட்டையின் வரலாறே. முட்டையைத் தோண்டித் தின்னும் விலங்கில்லாத நிலத்தில் அவை பல்லாயிரம் ஆண்டுகள் பெருகின. பெண் ஆமை குழி தோண்டி முட்டையிட்டு, தன் நீரால் மண்ணைக் குழைத்து மூடி விட்டு அகன்றால் போதுமானதாக இருந்தது. கப்பல்கள் வந்தன, மாலுமியர் ஆமைகளைத் தூக்கிச் சென்றனர். உணவும் நீரும் இன்றிப் பல மாதம் உயிர் வாழும் அதன் ஆற்றலே அதற்குக் கேடாயிற்று. கப்பலின் அடித்தட்டில் அடுக்கி வைத்து வேண்டும்போது அறுத்தனர். கப்பலோடு எலியும் பன்றியும் ஆடும் இறங்கின. மோரீசுத் தீவில் 1834 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்று இறங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, அத்தீவின் பேராமைகள் அழிந்து போயின.

எஞ்சியது அல்டாப்ரா. அங்குள்ள பேராமைகளைக் காக்க வேண்டுமென 1874ஆம் ஆண்டில் மோரீசு ஆளுநருக்கு விண்ணப்பம் எழுதியவர்களுள் டார்வினும் ஒருவர். இளமையில் ஓட்டைக் கடலில் எறியக் கண்டவர், முதுமையில் உயிரைக் காக்கக் கையொப்பமிட்டார். 1960களில் அத்தீவில் விமானத் தளம் அமைக்க எழுந்த திட்டமும் அறிஞர்களின் எதிர்ப்புக்கிடையே 1967இல் கைவிடப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் பேராமைகள் வாழ்கின்றன. மோரீசின் ஐல் ஓ செக்ரெத் என்னும் சிறு தீவில் கருங்காலி விதைகளைப் பரப்பும் ஆமை அற்றுப் போனமையால், 2000ஆம் ஆண்டில் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டு வந்து விட்டனர். அழிந்த உழவனின் இடத்தில் வேறோர் உழவனை அமர்த்தியது போன்ற செயல் இது.

காலாபாகோஸ் கூட்டத்தைச் சேர்ந்த பின்சோன் தீவில் எலிகள் மிகுந்தமையால், பொரித்து வந்த பார்ப்பு ஒன்றும் பிழைக்கவில்லை. முதிய ஆமைகள் மட்டுமே எஞ்சின. 1965 முதல் முட்டைகளை எடுத்துச் சென்று நிலையத்தில் பொரித்து, எலி தின்ன இயலாத அளவுக்கு வளர்த்து, மீண்டும் அத்தீவிலேயே விட்டனர். 2012இல் எலிகளை ஒழித்தனர். அதன் பின்னரே அத்தீவின் மண்ணில் பொரித்த பார்ப்புகள் பிழைத்து வளர்வதைக் கண்டனர். எஸ்பஞ்ஞோலா தீவில் எஞ்சியவை 14 மட்டுமே. அமெரிக்க விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து திரும்ப வந்த தியேகோ என்னும் ஆணும் சேர்ந்து அவ்வினம் மீண்டது. 2020இல் தியேகோவும் தன் தீவுக்குத் திரும்பியது. பிந்தா தீவிலோ காவல் காலங்கடந்து வந்தது. அத்தீவின் இறுதி ஆமையான 'தனித்த ஜார்ஜ்' 2012 சூன் 24 அன்று மாண்டது.

பழமொழியும் குளமும்

இனி நம் வீட்டுப் பழமொழிக்கு வருவோம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பர். இதனைக் கேட்டு நாணிய சிலர், இங்கு 'ஆமை' என்பது விலங்கன்று. கல்லாமை, இல்லாமை, முயலாமை ஆகியவற்றின் ஈறு என்று விளக்கம் தருகின்றனர். நல்லெண்ணத்தால் பிறந்த விளக்கம். ஆயினும் இலக்கணம் இதற்கு இடம் தராது. இல்லாமை என்பதில் எதிர்மறை இடைநிலையும் மையீறும் சேர்ந்து நிற்கின்றன. அவை பகுதியை விட்டுத் தனித்து நின்று பொருள் தரும் சொல்லாக மாட்டா. மேலும் அமீனா என்பவன் நீதிமன்ற ஏவலன், ஆள். அவனோடு இணைத்துச் சொல்லப்படுவதும் வாயில் வழியே நடந்து புகும் ஓர் உயிராகவே இருத்தல் வேண்டும். பழமொழி ஆமையைத்தான் பழிக்கிறது. அப்பழி தவறு என்று சொல்லுவதே நேர்மை. பழமொழிக்கு வேறு பொருள் கற்பிப்பது நேர்மையன்று.

யான் சிறுவனாக இருந்தபோது என் பாட்டியார் ஒரு கதை சொல்லுவார். அவர் பால்மரம் வெட்டிய தோட்டத்தில், ஒரு மழைநாளில், லயத்து வீடொன்றில் ஆமை புகுந்ததாம். அதனைச் சாக்கில் கட்டி ஆற்றில் விட்டு, வீட்டில் மஞ்சள் நீர் தெளித்தார்களாம். அடுத்த ஆண்டு தோட்டம் துண்டாடப்பட்டது. பலருக்கு வேலை போயிற்று. லயத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 'அன்றைக்கே சொன்னேனே அப்பா' என்று கதையை முடிப்பார். 1950களிலும் 1960களிலும் இந்நாட்டுத் தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், அதனைக் கண்டு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததையும் பின்னர்ப் படித்தபோதுதான் எனக்கு உண்மை புலனாயிற்று. வீட்டை வெறுமையாக்கியது ஆமையன்று. எங்கோ எழுதப்பட்ட விற்பனைப் பத்திரம். கண்ணுக்குத் தெரியாத காரணத்தைக் கண்ணெதிரே ஊர்ந்த உயிரின்மேல் ஏற்றினோம். பாட்டியாரைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கு அப்பத்திரத்தைக் காட்டியவர் யாருமில்லை.

சீனர் ஆமையை நீண்ட ஆயுளின் அடையாளமாகப் போற்றுவர். கோயில் குளத்தில் ஆமை விடுவதைப் புண்ணியமாகக் கொள்வர். நம் வழக்கை நோக்க அது எவ்வளவோ மேலானது. ஆயினும் ஆற்றுக்குரியதும் காட்டுக்குரியதும் ஒரு சிமெண்டுக் குளத்தில் நெருங்கிக் கிடப்பது அவ்வுயிர்களுக்கு நன்மையாகாது. பழிப்போரும் போற்றுவோரும் ஆமையில் தம் அச்சத்தையும் ஆசையையும் காண்கின்றனர், ஆமையைக் காண்பதில்லை.

போத்தா கானான்

துந்தோங் பேரா ஆற்றின் கீழ்ப்பகுதியில், உப்பும் நன்னீரும் கலக்குமிடத்தில் இரை தேடும். கரையோர மரங்களின் கனிகளைத் தின்னும். முட்டையிடும் பருவத்தில் பெண் ஆமைகள் நெடுந்தொலைவு மேல்நோக்கி நீந்தி, ஆற்றிடை மணல் திட்டுகளில் ஏறும். முட்டையிட்ட பின் தன் அடியோட்டால் மணலை இடித்து இறுக்கும் ஓசையே அதற்குப் பெயராயிற்று என்பர். ஒரு காலத்தில் அம்முட்டை பேரா அரசகுடும்பத்தாரின் உரிமைப் பொருளாக மதிக்கப்பட்டது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் எட்வர்டு மோல் இவ்வாமையின் வாழ்க்கையை மலேசியாவில் ஆராய்ந்து 1980இல் எழுதினார். வங்கத்து ஆற்றாமையும் இதுவும் ஒன்றென்றே அன்று கருதினர். மரபணு ஆராய்ச்சியால் பின்னர் இரண்டும் வெவ்வேறு இனமென வகுத்தனர். இன்று இரண்டுமே அழிவின் விளிம்பில் உள்ளவை எனக் குறிக்கப்பட்டுள்ளன.

காரணங்கள் பல. முட்டை எடுத்தல் ஒன்று. ஆற்று மணலை வாரி விற்பது மற்றொன்று. மணல் திட்டு இல்லையேல் முட்டையிட இடமில்லை. 1930இல் கட்டிய செண்டெரோ அணையும் பின்னர் வந்த அணைகளும் ஆற்றின் ஏற்ற இறக்கத்தை மாற்றின. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஆறுகளில் சேற்றைக் கொட்டின.

முட்டையை எடுத்துக் காவலில் பொரிப்பதோடு கடன் முடிவதில்லை. இவ்வாமைகளின் முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே உறுதி செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். காப்பவர் நிழலை மிகுதியாக்கினாலும் வெயிலை மிகுதியாக்கினாலும் ஒருபாலே பொரித்து வரும். அன்பு மட்டும் போதாது. அறிந்து காத்தல் வேண்டும். தாய் முகம் நோக்கும் பார்ப்பைப் பாடிய அதே பாட்டில், அறிந்து ஒழுகுதலே அறம் என்று தோழி தலைவனுக்கு உரைப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முடிவுரை

தொடங்கிய வினாவுக்கு விடை இதுவே. பாட்டை உயிர்நூலோடு ஒப்பிடலாம், ஒப்பிடவும் வேண்டும். ஒப்பிடுவது புலவருக்கு மதிப்பெண் இடுவதற்கு அன்று. அவர் எங்கே கண்டார், எங்கே கற்பித்தார் என்ற எல்லையை அறிந்தால், கற்பித்ததன் நோக்கம் விளங்கும். தாயில் முட்டை என்று குறுந்தொகைத் தலைவி சொன்னதை நாம் அரிய துயர நிலை என்று கருதி வந்தோம். ஆமையின் உண்மை வாழ்வை அறிந்த பின், ஏறத்தாழ ஆமை முட்டை எல்லாமே தாயில் முட்டைதான் என்பது விளங்குகிறது. அப்போது அவள் துயரம் குறைவதில்லை, பெருகுகிறது. பார்ப்பு நோக்குவதற்கு ஒரு முகம் தொடக்கத்திலிருந்தே இல்லை.

நப்பசலையார் கற்பித்த காவலன் கடற்கரையில் இல்லை. ஆனால் பின்சோன் தீவில் எலியை ஒழித்தவரும், போத்தா கானானில் மணலில் முட்டையை எண்ணி வைப்பவரும், குஞ்சு வெளிப்படும் வரையில் காத்து நிற்கின்றனர். ஆமைக்கு இல்லாத இயல்பை மனிதர் மேற்கொண்டமையால் பாட்டு இன்று மெய்யாகிறது. பேரா மாநிலத்து ஆசிரியப் பெருமக்கள், இப்பாடல்களை வகுப்பில் நடத்தும் ஆண்டிலேயே மாணவரை ஒருமுறை அவ்வாற்றங்கரைக்கு அழைத்துச் செல்வார்களாக. பாட்டையும் ஆமையையும் ஒருங்கே கண்ட பிள்ளை, வீட்டு வாயிலில் ஓர் ஆமையைக் காணும்போது மஞ்சள் நீரைத் தேட மாட்டான், ஆற்றைத் தேடுவான்.